நகர்ந்துகொண்டே போன இடைவேளை

'சொர்க்கத்திலிருந்து வேலை செய்யுங்கள்' என்று வில்லாவின் வாசலில் மூன்று மொழியிலும் பலகை போட்டிருந்தார்கள். அழகமுத்து த்ரீவீலரை அதற்கு நேரே நிறுத்திவிட்டு, தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சத்தமாக வாசித்தார்.

"இவங்க சொர்க்கத்துல இருந்து வேலை செய்யிறாங்கன்னா, நாம எங்கேருந்து செய்யிறோம் மிஸ்?"

ஜெஸ்லா கேட்டைத் தள்ளித் திறந்தாள். பதில் சொல்லியிருந்தால் அச்சில் ஏற்ற முடியாத பதிலாக இருந்திருக்கும். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி இந்த வில்லாவின் மேல். மீதிப் பாதி தன் மேலேயே.

மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் கந்தோர் வைத்திருப்பவள் ஜெஸ்லா. அதற்கு முன் பத்து வருஷம் காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துகளை விசாரித்தவள். அழகமுத்து அவளுடைய உதவியாளர். இருபத்தாறு வருஷம் மாத்தளை - நாவுல பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை பின்னேரம் நாலு பன்னிரண்டுக்கு, பல்லேகம போகிற பாதையில் ஒரு வளைவில், சந்திரகாந்தா என்ற தோட்டத் தொழிலாளியை ஒரு ஸ்கூட்டர் இடித்துப் பாதையோரக் கானுக்குள் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. நினைவு தப்பிய அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைவில் இருந்த கடையின் கேமராவில் நேரம் தெளிவாக விழுந்திருந்தது. ஓட்டியவன் மட்டும் விழவில்லை. மழைக்கோட்டும் ஹெல்மட்டும் போட்ட ஒரு முதுகுதான் தெரிந்தது. ஸ்கூட்டர் இந்த வில்லாவினுடையது. அதை எடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்: இங்கே அறை எடுத்துத் தங்கி, ஏதோ ஐரோப்பியக் கம்பனிக்கு இணையத்தில் வேலை பார்க்கும் ஜூலியன், சாமான் வாங்கப் போகும் சமையற்காரர் பஸீர்.

ஜூலியன், வியாழன் பின்னேரம் தான் மேசையைவிட்டு எழும்பவேயில்லை என்பதற்குக் கம்பனியின் கம்பியூட்டர் வேலைப் பதிவைக் கொடுத்தான். பஸீர் எதையும் கொடுக்கவில்லை. "ரூமுக்குள்ள இருந்தேன்" என்றார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பஸீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்று, திங்கட்கிழமை, பின்னேரம் இரண்டரைக்கு நீதவான் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். வில்லா பார்த்துக் கொடுத்த வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

பஸீரின் மனைவி ஹவ்வா சனிக்கிழமையே ஜெஸ்லாவைத் தேடி வந்திருந்தாள். ஜெஸ்லா அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, "கம்பியூட்டர் பொய் சொல்லாது தாத்தா. பஸீர் நானாக்கிட்டயே உண்மையக் கேளுங்க" என்று, அக்காவைத் தாத்தா, அண்ணனை நானா என்கிற ஊர் முறையிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். நேற்று இரவு ஹவ்வா போனில் கேட்டாள்: "அப்ப மெசின் சொல்றது உண்மை. இருவது வருசம் என்னோட வாழ்ந்த மனுசன் பொய். அப்படித்தானே மகள்?" அதற்குப் பிறகு ஜெஸ்லா தூங்கவில்லை.

ஜூலியன் விறாந்தையில் கால்மேல் கால் போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"பன்னிரண்டு மணிக்கு வேன்" என்றான் ஆங்கிலத்தில். "அடுத்த தீவுக்குப் போகிறேன். அங்கே இணைய வேகம் நல்லதாம்."

"விசாரணை முடியவில்லையே?"

"என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. வியாழக்கிழமைப் பதிவை மட்டும்தான் கேட்டார்கள். நான் ஜனவரி மாதம் முழுவதையும் கொடுத்தேன். மறைக்க எனக்கு எதுவுமில்லை." சிரித்தான். "டேட்டா பொய் சொல்லாது, மேடம்."

தன் வாயிலிருந்து வந்த அதே வாக்கியம் இன்னொரு வாயிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அது எவ்வளவு திமிரான வாக்கியம் என்று ஜெஸ்லாவுக்கு விளங்கியது.

"என்ன மாதிரி வேலை செய்கிறீர்கள்?"

"படங்களைச் சரிபார்ப்பது. அதற்குமேல் சொல்ல முடியாது, ஒப்பந்தம். அந்த லேடி விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். பெயர்கூட மறந்துவிட்டது."

ஜெஸ்லா எழுந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் இளநீர் அவன் தலையில் இருந்திருக்கும்.

அழகமுத்து படியிலேயே காத்திருந்தார். "மிஸ், கண்டுபுடிச்சுட்டேன். ஃபேன்!"

"என்ன ஃபேன்?"

"கொரோனா நேரம் நம்ம மகன் கொழும்புல வீட்டுலருந்தே வேலை பாத்தான். மவுஸை நூலால ஃபேன்ல கட்டிட்டுத் தூங்குவான். ஃபேன் ஆட ஆட மவுசும் ஆடும். கம்பனி, பய வேலை செய்யிறான்னு நெனச்சுக்கிட்டு ப்ரமோஷனும் குடுத்தாங்க. இவனும் அந்த வேலையத்தான் பண்ணியிருக்கான்!"

"ஃபேன் மவுஸை ஆட்டும் முத்தண்ணே. படத்தை முடிக்குமா? வியாழக்கிழம நாலுலருந்து அஞ்சுக்குள்ள மட்டும் அறுபத்தெட்டுப் படம் முடிஞ்சிருக்கு."

"அப்ப ஃபேன் படிச்ச ஃபேனா இருக்கணும்" என்று முனகிக்கொண்டே அவர் வண்டியைக் கிளப்பினார்.

நாவுல டவுனில் ஹுசைன் ஹோட்டலின் கடைசி மேசையில், இரண்டு பிளேன்டீக்கு நடுவே, ஜெஸ்லா அந்தப் பதிவுத் தாள்களைப் பரப்பினாள். வக்கீல் வழியாக வாங்கிய பிரதி. ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு தாள். தாளில் மூன்று பத்தி: நேரம், முடித்த படங்களின் எண்ணிக்கை, சந்தேகம். சந்தேகம் என்ற பத்தியில் அங்கங்கே ஒற்றை ஒற்றை ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து எதுவும் புரியவில்லை.

வேலை தினமும் பகல் இரண்டுக்குத் தொடங்கி, இரவு பத்து வரை ஓடியிருந்தது. இடையில் சின்னச் சின்ன இடைவேளைகள். மனிதன் என்றால் தேநீர் குடிப்பான், கொல்லைக்குப் போவான். அதில் தப்பில்லை. ஆனால் மாலையில் ஒரு இடைவேளை மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் பதினைந்து நிமிஷம் நீண்டது.

"முத்தண்ணே, நான் சொல்றத எழுதுங்க. ரெண்டாந்திகதி, ஆறு ஏழு. ஒன்பதாந்திகதி, ஆறு பதினொண்ணு. பதினஞ்சு, ஆறு பதினாலு. இருபத்திரெண்டு, ஆறு பதினேழு. இருபத்தெட்டு, ஆறு பத்தொன்பது."

அழகமுத்து எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அந்த நேரங்களையே பார்த்தார். கேலியோ பகிடியோ எதுவும் வரவில்லை. பழைய கண்டக்டர் விழித்துக்கொண்டார்.

"இது என்ன டைம்டேபிள் மிஸ்? சோம்பேறி டிரைவர்னா ஒரு நாளைக்கு முந்துவான், ஒரு நாளைக்குப் பிந்துவான். இவன் பிந்திக்கிட்டே போறான். மாசம் பூரா ஒரு நாள்கூட முந்தல. மனுசன் யாரும் இப்படி ஓட மாட்டான். வேற ஏதோ ஒண்ணு பின்னாலதான் போறான்."

ஜெஸ்லாவின் கையில் கோப்பை அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காசுப் பெட்டிக்கு மேலே பள்ளிவாசல் அச்சடித்துக் கொடுத்த தொழுகை நேர அட்டவணை தொங்கியது. எழுந்து போய் முதலாளியிடம் கேட்டு, அதைக் கழற்றி வந்து மேசையில் வைத்தாள். ஜனவரி. மஃரிப், அந்தித் தொழுகை. இரண்டாந்திகதி ஆறு ஐந்து. ஒன்பது, ஆறு ஒன்பது. பதினைந்து, ஆறு பன்னிரண்டு.

தொழுகைக்குப் பாங்கு சொல்லி இரண்டு நிமிஷம். கைகால் கழுவி வுழூ செய்யப் போகிற ஆள் மேசையைவிட்டு எழும்ப எடுக்கிற இரண்டு நிமிஷம்.

"அந்தி சாயுற நேரம் பின்னாலதான் போயிருக்காரு" என்றாள் ஜெஸ்லா. அவள் விரல் அட்டவணையில் ஓடியது. "ஜனவரில நாளுக்கு நாள் மஃரிப் பிந்தும். மத்தத் தொழுகையக் கொஞ்சம் முன்னப் பின்னத் தொழலாம், இதுக்கு மட்டும் நேரம் கொஞ்சம். இந்த மேசைல இருந்து வேலை செஞ்ச ஆள் ஒரு நாள் தவறாமத் தொழுத ஆள்."

"அப்ப வெள்ளக்காரன் நமக்குத் தெரியாம இஸ்லாத்துக்கு வந்துட்டானா?"

"இல்ல முத்தண்ணே. வேலை அவன் பேருல. செஞ்சது வேற ஒருத்தர். இவன் தீவு சுத்திப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!"

வியாழக்கிழமைத் தாளை மட்டும் கொடுத்திருந்தால் ஜூலியன் தப்பியிருப்பான். ஒரு நாளின் இடைவேளை வெறும் இடைவேளைதான். நாணயஸ்தன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் மாதம் முழுவதையும் நீட்டினான். தன்னைப் போன்ற ஒருவன் ஒரு மாதம் எப்போது எழும்புவான், எப்போது இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். தன் கதிரையில் இருந்தவர் எதற்காக எழும்புவார் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த கேள்வி யார் என்பது. ஆங்கிலம் தெரிந்த, கம்பியூட்டர் தெரிந்த, ஜூலியனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுகிற ஒரு முஸ்லிம் ஆள் வில்லாவில் இருந்தார்: வில்லாவை நடத்தும் முகாமையாளர் றிஸ்கான். நாலு கடை தள்ளித்தான் அவருடைய கந்தோர். ஜெஸ்லா கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"ஜூலியனோட வேலைய நீங்கதானே செஞ்சீங்க?"

றிஸ்கான் முதலில் முழித்தார். தாள்களையும் அட்டவணையையும் அவள் மேசையில் போட்டு விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வியாழக்கிழமை, யட்டவத்தையில் கல்யாண வீடு. பகல் ஒரு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை சோற்றுச் சகன் தட்டுகளைத் தூக்கி விருந்தாளிகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"அதுமட்டுமில்ல தங்கச்சி. எனக்கு வெள்ளிக்கிழம ஜும்மாவோட சரி. மத்த வக்தெல்லாம்..." வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "அல்லாஹ்தான் மன்னிக்கணும்."

"தொழாததையே சாட்சியாக் கொண்டு வந்த மொத மனுசன் நீங்கதான்" என்றார் அழகமுத்து.

ஜெஸ்லாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மணி பதினொன்றரை. பிடித்த ஒரே நூலும் அறுந்துவிட்டது. எழுந்தவள் கதவருகே நின்று திரும்பினாள்.

"அப்ப வில்லாவுல அஞ்சு வக்தும் தொழுற ஆள் வேற யாரு?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் றிஸ்கானின் சிரிப்பு அணைந்துபோனது. போனைக் கவிழ்த்து வைத்தார். பேனையை எடுத்தார், வைத்தார். வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தில் ஜெஸ்லாவுக்கு எல்லாம் விளங்கியது. பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, இரண்டு மணிக்கு ஓய்ந்துபோகிற ஆள். மஃரிப் முடிந்து இன்னும் கொஞ்ச நேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்படிக்குத் திரும்புகிற ஆள். அதற்குப் பிறகு பத்து மணி வரை மட்டும் ஜூலியன் கதிரைக்கு வருகிறான்.

"முத்தண்ணே, வண்டிய எடுங்க!" என்று கத்தினாள். "அந்தப் பதிவு ஜூலியனுக்குச் சாட்சியில்ல. பஸீர் நானாக்குத்தான் சாட்சி! அவரோட சாட்சிய வச்சே அவர உள்ள போட்டிருக்காங்க!"

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. வேன் புறப்பட்டிருக்கும். சார்ஜன்ட் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜெஸ்லா சிங்களத்தில் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பார்சலை மூடி ஓரமாக வைத்தார்.

"தொழுகை நேரத்தை வைத்துக்கொண்டு நீதவானிடம் போக முடியாது, மிஸ். வேறு யாராவது தொழுதிருக்கலாம்."

"சரி. இந்தத் தாள் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிடித்துக்கொண்டு வந்த பிறகு பஸீரை நான் பார்க்கவில்லை. நீங்களே கேளுங்கள். வியாழக்கிழமை நாலு மணிக்குப் பிறகு அவர் என்ன பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள்."

பஸீர் கம்பிக் கூட்டுக்குள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. விரல்களில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. ஜெஸ்லாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் இடிச்சேன் மகள். எழுதிக் குடுத்துட்டேன். போங்க."

"நானா, நீங்க தொழுதது அந்த மெசின்ல எழுதியிருக்கு."

அவர் நிமிர்ந்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"கள்ள வேலைம்மா அது. இன்னொருத்தன் பேருல இருந்து செஞ்ச வேலை. வெளிய தெரிஞ்சா கம்பனிக்காரன் கேஸ் போடுவான், பத்து வருசம்னு றிஸ்கான் சொன்னான். இது எக்சிடன்ட் கேஸ்தானே, கொஞ்ச நாள்ல வந்துடலாம், பொஞ்சாதி புள்ளைய நாங்க பாத்துக்கிறோம், வாயத் தொறக்காதீங்கன்னான்."

சமையற்காரருக்குக் கம்பனிச் சட்டம் தெரியாது என்பது றிஸ்கானுக்கு நன்றாகத் தெரியும். அறியாத மனிதனைப் பயங்காட்டி அறைக்குள் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டு வீடியோ காட்டிச் சிரித்திருக்கிறான்.

சார்ஜன்ட் தாளைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: "வியாழக்கிழமை. நாலு மணி. என்ன பார்த்தாய்?"

பஸீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பதிலும் சிங்களத்தில்தான் வந்தது.

"ஒரு நகரத்து வீதி, சார். மழை. எல்லாமே வெளிநாட்டுப் படம்தான். படத்தில் மனிதர் எங்கே இருந்தாலும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். அதுதான் வேலை. அன்றைக்கு ஒரு பெண், கறுப்புக் குடை. கையிடுக்கில் ஒரு சின்ன நாய். பெண்ணுக்குப் போட்டேன். நாய்க்குத் தனியாகப் போடுவதா என்று தெரியவில்லை. சந்தேகம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமத்தி நாய் என்று கொடுத்தேன்."

சார்ஜன்டின் விரல் தாளில் இறங்கியது. மூன்றாவது பத்தி. நாலு ஒன்பது. நாய்.

"பிறகு?"

"இரண்டு மூன்று படம் தள்ளி ஒரு பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பிள்ளை. பிள்ளை தெரியவில்லை சார், இரண்டு கால் மட்டும் தெரிந்தது. காலுக்கு மட்டும் கட்டம் போட்டால் போதுமா என்று மறுபடியும் சந்தேகம் கேட்டேன். பிள்ளை, மறைந்திருக்கிறது என்று அதில் ஒரு சொல் இருக்கும்."

விரல் இன்னும் ஒரு வரி இறங்கி நின்றது. நாலு பன்னிரண்டு, கடைக் கேமராவில் விழுந்த அதே நிமிஷம். சார்ஜன்ட் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு எழுந்து போய் மேசைத் தொலைபேசியை எடுத்தார். வில்லாவில் வந்து நின்ற வேனின் இலக்கத்தை அழகமுத்து காலையிலேயே குறித்து வைத்திருந்தார், கண்டக்டர் புத்தி. இலக்கத்தைச் சொல்லி, பாதையிலேயே மறிக்கும்படி சார்ஜன்ட் அதட்டுவது கூடு வரை கேட்டது. அடுத்ததாக, றிஸ்கானைக் கூட்டி வரும்படி ஒரு கொன்ஸ்டபிளிடம் சொன்னார்.

"இன்னிக்கி நீங்க எதையும் ஒத்துக்கத் தேவையில்ல நானா" என்றாள் ஜெஸ்லா. "வேற வக்கீல் வருவாரு."

பஸீர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அந்தப் படமெல்லாம் எதுக்கும்மா? ஒரு மாசம் செஞ்சேன். அவன் சொல்லல்ல."

ஜெஸ்லா கொஞ்சம் தயங்கினாள். "டிரைவர் இல்லாமத் தானா ஓடுற கார் செய்யிறாங்க நானா. எது மனுசன்னு அந்தக் காருக்குப் படிச்சுக் குடுக்கத்தான் இது. ஆள் மேல ஏத்தாம இருக்கிறதுக்கு."

பஸீரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. வெட்கமும் பயமும் வடிந்துபோய், அவள் அதுவரை அவரிடம் காணாத ஒன்று ஏறியது. எழுந்து வந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார்.

"காலு மட்டும் தெரிஞ்ச புள்ளைக்கும் கட்டம் போட்டேன். அவன் கதிரைல இருந்து, அவன் பேருல போட்டேன். அதே நிமிசம் அவனுக்கு ஒரு முழுப் பொம்பள கண்ணுக்குத் தெரியல்லயா? இடிச்சவன் எறங்கிப் பாக்கக் கூடாதா?" கம்பி அதிர்ந்தது. மேசையில் இருந்த கொன்ஸ்டபிள்மார் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவரை அடங்கச் சொல்லவில்லை.

அழகமுத்து காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பஸீருக்கு மூச்சு வாங்கியது. பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அடிபட்டவங்க எப்படி இருக்காங்க மகள்? கண்ணு முழிச்சாங்களா?"

ஜெஸ்லாவுக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகக் கேமராவைக் கேட்டிருந்தாள், ஹெல்மட்டைக் கேட்டிருந்தாள், தாள்தாளாக நேரத்தைக் கேட்டிருந்தாள். வெட்கத்தோடு போனை எடுத்து ஆஸ்பத்திரி வார்டுக்கு இலக்கம் தேடினாள். வியாழக்கிழமைக்குப் பிறகு இந்த வழக்கில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள், கம்பிக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.